பிடித்த கையை விடாத ஆளிடம் கட்டா வேலை செய்கிறதா? கடலோரக் கராத்தே மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என இந்தக் கடலோரத்தில் கராத்தே சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்களுக்கும், பெல்ட் டெஸ்ட் நடத்தும் தேர்வாளர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடரான கட்டாவை மட்டும் பார்த்து பெல்ட் கொடுக்காதீர்கள். அந்தக் கட்டாவின் ஒரு துண்டையாவது, பிடித்த பிடியை எளிதில் விடாத ஒரு ஆளிடம் மாணவர் செய்துகாட்டட்டும். செய்ய முடியாவிட்டால் அடுத்த டெஸ்ட்டுக்கு வரச் சொல்லுங்கள். இதைக் கடுமை என்று நினைக்க வேண்டாம். "தற்காப்பு" என்ற சொல்லை நம்பித்தான் பெற்றோர் பிள்ளைகளை நம்மிடம் அனுப்புகிறார்கள்.

இப்போது நடப்பது என்ன? தொடக்கநிலைக் கட்டாவான ஹெயான் ஷோடானின் முதல் அசைவைச் சொல்லிக்கொடுக்கும்போது, "இடப்பக்கத்திலிருந்து ஒருவன் உதைக்கிறான், கெடான் பராய் போட்டுத் தடு, பிறகு முன்னால் போய்க் குத்து" என்கிறோம். கெடான் பராய் என்பது முன்கையைக் கீழ்நோக்கி வீசித் தடுப்பது. எதிராளியாக நிற்கும் மாணவர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஒரு உதை விட்டு, அப்படியே உறைந்து நிற்கிறார். தெருவில் யாரும் இரண்டு மீட்டர் தள்ளி நின்று தொடங்குவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில்தான் தொடங்குகிறார்கள்: மணிக்கட்டைப் பிடிப்பது, சட்டைக் காலரைப் பிடித்துத் தள்ளுவது, பின்னலை இழுப்பது, துப்பட்டாவையோ தோள்பையின் வாரையோ பற்றுவது, பின்னாலிருந்து கட்டிப்பிடிப்பது. அதோடு, வேகமாக வரும் உதையை முன்கை எலும்பால் கீழ்நோக்கி அடித்துத் தடுப்பது அடிப்படையிலேயே தவறு. கணைக்கால் எலும்பு கனமானது, முன்கை எலும்பு மெல்லியது. எது முறியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டாவை எப்படிப் படிப்பது என்பதற்குக் கராத்தே பிறந்த ஒகினாவாவிலேயே விதிகள் இருக்கின்றன. கோஜு ரியூ என்ற கராத்தே பிரிவை நிறுவிய சோஜுன் மியாகியின் மாணவர் செய்கிச்சி தோகுச்சி (1917–1998) மூன்றை எழுதிவைத்தார். கட்டா நடக்கும் கோட்டின் வடிவத்தைக் கண்டு ஏமாறாதே. முன்னேறிச் செய்வது தாக்குதல், பின்வாங்கிச் செய்வது தற்காப்பு. எதிராளி ஒருவன்தான், அவன் உனக்கு முன்னால்தான் இருக்கிறான். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பார்த்தால், ஹெயான் ஷோடானில் நான்கு திசையிலிருந்தும் ஆள் வருகிற கதை நிற்காது. 90 பாகை திரும்புவதற்குப் பொருள், அவன் முகத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டுக்குப் போ என்பதே.

அதே முதல் இரண்டு அசைவுகளை இப்படிச் செய்துபாருங்கள். எதிராளி தன் வலக்கையால் மாணவரின் வலது மணிக்கட்டைப் பிடிக்கிறான். கெடான் பராய் தொடங்கும்போது வலக்கை முன்னால் கீழே நீண்டிருக்கும், இடது முஷ்டி வலது காதோரம் வந்திருக்கும். நீண்டிருக்கும் அந்த வலக்கைதான் பிடிபட்ட கை. காதோரம் வந்த இடக்கை முகத்துக்கு மறைப்பு, ஏனென்றால் பிடித்தவனின் இடக்கை சும்மா இருக்காது. இடது காலை அவன் வலக்கைக்கு வெளிப்புறமாக முன்னால் வையுங்கள். பிடிபட்ட கையைப் புரட்டி, அவன் மணிக்கட்டைப் பற்றி, உங்கள் வலது இடுப்புக்கு இழுங்கள். முஷ்டி இடுப்பை அடையும்போது உள்ளங்கை மேல்நோக்கித் திரும்புகிறதே, அந்தத் திருப்பம்தான் அவன் கையை முறுக்கி முழங்கை முனையை மேலே கொண்டுவருகிறது. இப்போது இடது முன்கை காதோரத்திலிருந்து இறங்கி, அவன் முழங்கைக்கு மூன்று நான்கு விரற்கடை மேலே, மேல்கையின் பின்புறத்தில் அழுந்துகிறது. அவன் குனிகிறான். வலது காலை முன்வைத்து, இடக்கையால் அவன் சட்டையையோ மேல்கையையோ பற்றி இடுப்புக்கு இழுத்தபடி, வலது முஷ்டியைத் தாடையோரம் செலுத்தினால் அதுதான் ஓய் சுகி, முன்னேறிக் குத்தும் குத்து.

இது எங்கே கெடும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். முன்கை சரியாக மூட்டின் மேலேயே விழுந்தால் வழுக்கும், அல்லது பயிற்சியிலேயே மூட்டுக்குக் காயமாகும். மூட்டுக்குக் கீழே விழுந்தால் நெம்பு கிடைக்காது, கையால் கையைத் தள்ளுவதாக முடியும். இடுப்புக்கு இழுக்கும் கையைப் பாதியில் நிறுத்தினால் அவன் நிலை குலையாது. அவன் பலசாலியாக இருந்து கையை மடக்கிவிட்டால் நெம்பு போய்விடும். அப்போது மறுபடி நெம்ப முயலாமல், அதே பாதையில் முன்கையைக் கழுத்தின் பக்கவாட்டுக்கோ தாடைக்கோ விட வேண்டும். கட்டாவில் இரண்டும் ஒரே அசைவுதான். மாணவருக்கு இந்தக் கிளைவழி தெரியாவிட்டால், முதல் வழி அடைபட்டதும் திகைத்து நின்றுவிடுவார்.

இடுப்புக்கு இழுக்கும் கையான ஹிக்கித்தே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வரிசையில் நின்று குத்தும்போது அந்தக் கை வெறுமனே இடுப்புக்குப் போகிறது. "பவர் வரும்" என்கிறோம். ஆனால் எதிராளியின் கையைப் பற்றி, முறுக்கி இழுத்து, அவன் நிலையைக் குலைக்கத்தான் அது என்று ஷோட்டோகான் பிரிவை நிறுவிய கிச்சின் ஃபுனகோஷியே விளக்கியிருக்கிறார். எந்தக் கட்டாவானாலும், இடுப்புக்குப் போகும் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பாதிக் கட்டா அந்தக் கேள்விக்கே திறந்துகொள்ளும். ஒன்றும் பிடிக்காத கை இடுப்பில் இருந்தால் முகம் திறந்துதான் கிடக்கும்.

ஹெயான் ஷோடானில் 180 பாகைத் திருப்பத்துக்குப் பிறகு வரும் டெட்சுய், அதாவது கையைச் சுழற்றி முஷ்டியின் அடிப்பக்கத்தால் அடிப்பது, பிடிவிடுவிப்பு என்பது பலருக்கும் தெரியும். முன்காலைப் பாதியளவு பின்னிழுத்து, உடல் எடையால் இழுத்து, அவன் கட்டைவிரல் பக்கமாகக் கையை வெளியே எடுத்து, மேலிருந்து கழுத்தெலும்பின் மேல் இறக்க வேண்டும். தெரிந்திருந்தும் இது பெரும்பாலும் தோற்கிறது. தினமும் வலையும் கயிறும் இழுத்துப் பழகிய ஒரு ஆணின் பிடியை, எட்டாம் வகுப்புப் பெண் கட்டைவிரல் இடுக்கு வழியாக மட்டும் உருவிவிட முடியாது. முதலில் ஒரு அடி விழ வேண்டும்: கணைக்கால் எலும்பில் ஒரு உதை, அல்லது திறந்த உள்ளங்கையால் முகத்தில் ஒரு தள்ளு. பிடி தளரும் அந்த அரை நொடியில்தான் காலைப் பின்னிழுக்க வேண்டும். கட்டாவில் டெட்சுய்க்கு முன்னால் ஒரு கெடான் பராய் இருப்பதை மறந்துவிட்டு, விடுவிப்பை மட்டும் தனியாகக் கற்றுக்கொடுத்தால் இந்த வரிசை போய்விடுகிறது.

அதே கட்டாவில் வரும் மூன்று அகே உகேயும், அதாவது முன்கையை மேலே உயர்த்தித் தடுப்பதும், அப்படித்தான். மூன்று முறை முன்னேறிக்கொண்டே யாராவது தடுப்பார்களா? முன்னேறுவது தாக்குதல் என்ற விதியை வையுங்கள். முன்னால் இருக்கும் கை அவன் கையைப் பற்றிக் கீழே இழுக்கிறது, மற்ற முன்கை அவன் தாடைக்குக் கீழே ஏறுகிறது. அவன் பின்னால் போகப் போக அடுத்த காலடி, அடுத்த முன்கை. பயிற்சியில் தொண்டைக்குப் போகவே கூடாது. எதிராளி மார்போடு சேர்த்துக் கிக் பேடைப் பிடித்துக்கொள்ளட்டும், முன்கை அதில் விழட்டும். மூன்று காலடி தூரம் அவரைத் தள்ளிக்கொண்டு போக முடிகிறதா என்று பார்த்தாலே மாணவரின் நிற்கும் நிலை சரியா என்று தெரிந்துவிடும்.

டெக்கி ஷோடான் கட்டாவை (சில கராத்தே பிரிவுகளில் இதன் பெயர் நைஹாஞ்சி) பக்கவாட்டில் நகர்வதாலேயே பலர் ஒதுக்குகிறார்கள். கூட்டமான பஸ்ஸில், சுவரோரத்தில், படகுத்துறையின் குறுகிய நடைவழியில் உதவும் கட்டா அதுதான். ஒரு கை தலையைப் பிடிக்க, மறு கை முழங்கையால் அடிக்கும் அந்த இரண்டாவது அசைவைப் பேடில் பழக்கினால் போதும். ஒகினாவா மாஸ்டர் சோகி மோட்டோபு 1926ல் படங்களோடு காட்டிய இருவர் பயிற்சிகளைப் பாருங்கள். எல்லாம் கைக்கெட்டும் தூரம், பற்றிய கை, குறுகிய அடி.

போட்டிகளைப் பற்றி ஒரு சொல். உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி குழுக் கட்டாவின் பதக்கச் சுற்றில் புங்காய், அதாவது கட்டாவின் அசைவுகளை எதிராளியிடம் பயன்படுத்துவதை, செய்துகாட்ட வேண்டும். அதற்குத் தயாராகும் பிள்ளைகளின் உழைப்பை மதிக்கிறோம். ஆனால் அங்கே விழுபவரும் வீழ்த்துபவரும் சேர்ந்து ஒத்திகை பார்த்தவர்கள், தூக்கிச் சுழற்றி விழுவது பார்வையாளருக்கும் நடுவருக்கும் காட்டுவதற்கு. அதை வகுப்பில் தற்காப்பு என்று காட்டக் கூடாது. சிலம்ப ஆசான்கள் சுவடு பழக்கியதும் எதிரே ஒரு கம்பை நிறுத்தி அடியும் தடுப்பும் கற்றுக்கொடுக்கிறார்கள். நாமும் அந்த இரண்டாம் படிக்குப் போக வேண்டும்.

நம் ஊரின் தரை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழங்கால்கள் கெடுகின்றன. கடற்கரை மணலில் கட்டா பழக்குவது நல்ல படம் தரும், நல்ல உடற்பயிற்சியும்கூட. ஆனால் மணலில் புதைந்த பாதம் சுழலாது. மரத்தரையில் குதிகாலில் சுழலும் அதே 180 பாகைத் திருப்பத்தை மணலில் செய்தால், முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகிறது. மணலில் பாதத்தைத் தூக்கி வைத்துத்தான் திரும்ப வேண்டும். வீழ்த்துவதற்கும் விழுந்து பழகுவதற்கும் மணல் அருமையான இடம், அதுவும் ஈரமில்லாத, சிப்பி பொறுக்கி நீக்கிய மேட்டு மணல். கெடான் பராய் நெம்பையும் திருப்பங்களையும் பள்ளி வராந்தாவிலோ மண்டபத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

ராணி லட்சுமிபாய் தற்காப்புத் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 3 மாதம் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அந்த 3 மாதத்தில் இரண்டு மூன்று கட்டா முடித்து ஆண்டு விழாவில் வரிசையாக நிறுத்த வேண்டும் என்ற அழுத்தம் எங்களுக்கும் தெரியும். தயவுசெய்து ஒரே ஒரு கட்டா, அதில் மேலே சொன்ன மூன்று துண்டுகள் மட்டும் எடுங்கள். கராத்தே உடையில் அல்ல, பள்ளிச் சீருடையில், தோள்பையோடு பழக்குங்கள். 12 வயதுக்குக் கீழே முழங்கை நெம்பு வேண்டாம், கழுத்து அடியும் வேண்டாம். முகத்தை மறை, ஒரு அடி, பிடியை விடுவி, கத்திக்கொண்டே ஆட்கள் இருக்கும் பக்கம் ஓடு. இவ்வளவு போதும். பெரிய மாணவர்களுக்குச் சட்டத்தையும் சொல்லுங்கள்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, ஆனால் காத்துக்கொள்ளத் தேவையானதைவிடக் கூடுதலாகச் சேதம் செய்ய அந்த உரிமை இடம் தருவதில்லை. குனிந்து விழுந்தவனை மேலும் அடிக்கக் கற்றுக்கொடுப்பது மாணவரை வழக்கில் மாட்டிவிடுவதாகும்.

இதெல்லாம் பள்ளிக் கராத்தேக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு: ஹெயான் கட்டாக்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தவர் அன்கோ இடோசு. அவரே 1908 அக்டோபரில் ஜப்பானின் கல்வி அமைச்சகத்துக்கும் போர் அமைச்சகத்துக்கும் பத்து அம்சங்கள் கொண்ட மடல் எழுதினார். உடலை வளர்க்கவா, பயன்பாட்டுக்கா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பழக வேண்டும் என்று அதில் சொல்கிறார். உடல்நலத்துக்கு என்று சொல்லி நடத்தும் வகுப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விளம்பரப் பலகையில் தற்காப்பு என்று எழுதினால் அதற்குரிய பயிற்சி உள்ளே இருக்க வேண்டும்.

பெல்ட் டெஸ்டுக்கு எங்கள் யோசனை இது. ஒரு மாணவருக்கு 3 நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். முதலில் அவர் தேர்ந்தெடுத்த துண்டை மெதுவாகச் செய்து, ஒவ்வொரு கையும் எதைப் பிடிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லட்டும். அடுத்து, பிடித்தவர் இழுக்கவும் தள்ளவும் தன் மற்ற கையால் லேசாக அடிக்கவும் செய்யட்டும். இங்கேதான் பெரும்பாலான புங்காய் உடையும், உடைவது நல்லது. கடைசியாக 20 நொடி, எந்தப் பிடி வரும் என்று முன்கூட்டிச் சொல்லாமல். இதற்கு இருவரும் கையுறையும் வாய்க்காப்பும் போட வேண்டும், பிடிபட்டவர் போதும் என்று கையால் தட்டினால் அந்தக் கணமே விட வேண்டும், தேர்வாளர் ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். எதிராளியாக எப்போதும் அதே வகுப்பு நண்பரை நிறுத்தாதீர்கள். எடையில் 10 கிலோவாவது கூடுதலான ஒருவர் வேண்டும், வளர்ந்த மாணவர்களில் ஒருவராக இருந்தால் நல்லது. ஓடு உடைப்பைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டாலே இதற்கு நேரம் கிடைத்துவிடும்.

வரும் மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் இடையில், படகில் போகும் மாணவர்களும் கரையில் இருப்பார்கள், பள்ளிக்கும் விடுமுறை இருக்கும். அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷோட்டோகான், ஷிட்டோ ரியூ, கோஜு ரியூ என்ற பிரிவு வேறுபாடு பார்க்காமல் எல்லா மாஸ்டர்களும் ஒன்றாகக் கூடலாம். ஒவ்வொருவரும் தங்கள் கட்டாவிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவாருங்கள், மற்றவர்கள் பிடித்துப் பார்க்கட்டும். காலை 6 மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். ஒரு ஜோடி கையுறை, வாய்க்காப்பு, ஒரு பழைய சட்டை, ஒரு துப்பட்டா கொண்டுவாருங்கள். பெல்ட் வேண்டாம்.

இப்படிக்கு,
இந்தக் கடலோரத்தில் உங்களோடு கட்டா பழக்கும் பயிற்சியாளர்கள் சிலர்