செங்கல் சூளைக் குழந்தைகளுக்குக் காசநோய்ப் பரிசோதனை கோரி மனு

அனுப்புநர்
சூளைக் குழந்தைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: செங்கல் சூளைகளில் தங்கி வேலை செய்யும் ஒடிசா தொழிலாளர்களின் குழந்தைகளுக்குக் காசநோய்ப் பரிசோதனை, தடுப்பு மருந்து, சத்துணவு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் மாவட்டச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அறுத்த கல்லை அடுக்கி, மேலே தகரம் போட்ட ஒற்றை அறைதான் வீடு. ஜன்னல் கிடையாது. அடுப்பும் படுக்கையும் அதற்குள்ளேதான்.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு சிறுமியின் அப்பாவுக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானது. மாத்திரை கொடுத்தார்கள், நல்லபடியாகத்தான் கவனித்தார்கள். ஆனால் அதே அறையில் அவர் பக்கத்திலேயே படுக்கும் அவளுடைய 3 வயதுத் தம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவனுக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. எடை ஏறவே இல்லை. ஊர் மாறிய தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றே அவன் அம்மா நினைத்திருந்தார். நாங்கள் சொல்லி அழைத்துப் போனபோது, சளி எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 3 வயதுக் குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அல்லது விடியற்காலை வெறும் வயிற்றில் இரைப்பை நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். அது பெரிய மருத்துவமனையில்தான் முடியும். அங்கே போய்வந்தால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய இடத்தில், ஒரு கை குறைந்தால் முன்பணக் கடன் அப்படியே நிற்கும். அதனால்தான் போகாமல் இருக்கிறார்கள், பிள்ளை மேல் அக்கறை இல்லாமல் அல்ல.

குழந்தைக்கு வரும் காசநோய் பெரும்பாலும் கூடவே இருக்கும் பெரியவரிடமிருந்து வருவது. 5 வயதுக்குள் தொற்றினால் மூளைக்காய்ச்சலாக மாறும் அபாயம் அதிகம். இதனால்தான், வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து, நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து தர வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதலே சொல்கிறது. சூளையில் அது நடக்க வேண்டும் என்பதுதான் எங்கள் முதல் கோரிக்கை. பெரியவரின் பெயரைப் பதிவு செய்யும் அன்றே அந்த அறையில் யார் யார் படுக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். சீசன் தொடங்கியதும் நடமாடும் எக்ஸ்ரே வண்டி சூளைக்கே வர வேண்டும். ஒடியா பேசத் தெரிந்த ஒருவர் அதில் இருக்க வேண்டும். பரிசோதனை நாளில் கூலி பிடிக்கக் கூடாது என்று உரிமையாளர்களுக்குத் தாங்கள் எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. பெரும்பாலான நாள் சோறும் உருளைக்கிழங்கும்தான். ரேஷன் அட்டை ஊரில் தாத்தா பாட்டியிடம் இருக்கிறது. ஜார்க்கண்டில் 4 மாவட்டங்களில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளியானது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. அரிசி பருப்பால் இவ்வளவு ஆகும் என்றால் நாம் ஏன் தயங்க வேண்டும்? நோயாளிக்கான உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாகியிருக்கிறது. நிக்‌ஷய் மித்ரா எனப்படும், காசநோயாளிகளுக்கு உதவ முன்வரும் கொடையாளர்கள் மூலம் குடும்பத்தாருக்கும் உணவுப் பெட்டகம் தர வழி உண்டு. அதைச் சூளைக் குடும்பங்களுக்கும் சேர்த்துத் தர வேண்டும். அப்புறம், பக்கத்து அங்கன்வாடியில் இந்தக் குழந்தைகளைச் சேர்த்து முட்டையும் சத்துமாவும் கிடைக்கச் செய்ய வேண்டும். முகவரிச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது.

கடைசியாக, ஜூன் வாக்கில் சூளை மூடியதும் எல்லோரும் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். மார்ச்சில் தொடங்கிய 6 மாத சிகிச்சை அப்போது பாதியில்தான் இருக்கும். கிளம்பும் முன் கையில் ஒரு மாத மருந்தும் நிக்‌ஷய் எண் (அரசின் காசநோய்ப் பதிவில் நோயாளிக்குத் தரும் எண்) எழுதிய அட்டையும் கொடுத்து, அவர்கள் மாவட்டக் காசநோய் அலுவலருக்கு இங்கிருந்தே தகவல் அனுப்ப வேண்டும்.

மேலே சொன்ன சிறுவனுக்கு இன்னும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. அவனை இந்த வாரமே பரிசோதிக்க உத்தரவிடுமாறு தனியாகவும் கேட்டுக்கொள்கிறோம். சூளையின் விவரத்தைத் தங்கள் அலுவலகத்தில் நேரில் தருகிறோம்.

இப்படிக்கு,
மாலை வகுப்புத் தன்னார்வலர்கள்
இடம்: திருவள்ளூர்