கிணறு தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

உங்களில் பலருடைய பெயரை நாங்கள் கேட்கவே இல்லை. கேட்ட சிலரின் பெயரையும் இங்கே எழுதவில்லை, உங்களிடம் கேளாமல் போடுவது முறையில்லை என்பதால். ஆனாலும் வாசிக்கும்போது இது என்னைப் பற்றித்தான் என்று உங்களுக்கு விளங்கிவிடும். நாங்கள் ஊர் ஊராகச் சுற்றிவந்த வான் வண்டியை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளை டொல்பின், பின்கண்ணாடிக்குப் பூப்போட்ட திரைச்சீலை, மேலே கயிற்றால் கட்டிய இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள்.

இவர், என் கணவர், முப்பத்தொரு வருடம் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஓடியவர். நான் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். 2018 இல் கனடாவில் மகனிடம் போனபோது, வீடு மாதிரி ஒரு வண்டியை மூன்று நாள் வாடகைக்கு எடுத்து எங்களை ஒரு காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே கட்டில், குசினி, கழிப்பறை எல்லாம் இருந்தன. வண்டி நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிவுநீர் போக ஒரு குழி. பிள்ளைகள் மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். இவர் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரவு என்னிடம் சொன்னார்: "நான் சனத்தை ஏத்தி இறக்கின ஊர் ஒண்டிலயும் இறங்கி நிண்டு பாக்கேல்லையப்பா."

அந்தச் சொல்தான் எங்களை வெளிக்கிடுத்தியது. ஆனால் இடையில் கொரோனா வந்தது. 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். கடைசியில் 2023 மார்கழியில்தான் சாவகச்சேரிப் பக்கம் ஒருவரிடம் இந்த வானை வாங்கினோம்.

முதல் நன்றி எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் ஓடாவியாருக்கு. பின் இருக்கைகளைக் கழற்றிய இடத்தில் ஒரு கட்டில் போட்டுத் தந்தார். அதன் கீழே நான்கு இழுப்பறைகள். என் முழங்கால் மடங்காது என்று தெரிந்து, கட்டிலின் உயரத்தை என்னை இருத்தி இருத்தி மூன்று தரம் அளந்தார். கூலி பேசும்போது, "அம்மாதானே எனக்கு அ, ஆ சொல்லித் தந்தது" என்று பாதிக்காசைத் திருப்பித் தந்துவிட்டார். தம்பி, அந்தக் கட்டில் இருபத்தொன்பது நாளும் ஒரு கிறீச்சுச் சத்தம்கூடப் போடவில்லை.

2024 பங்குனி 14 ஆம் திகதி விடியப்புறம் வெளிக்கிட்டோம். சங்குப்பிட்டிப் பாலம் ஏறும்போது சூரியன் வந்தது. அந்தப் பாலம் 2011 இல் திறந்தது. அதற்கு முன் பூநகரிக்குப் போவதென்றால் கடலைப் பார்த்துக்கொண்டு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். பாலத்துக்கு இப்பால் நிறுத்தித் தேத்தண்ணி குடித்தபோதுதான் எனக்கு முதல் பயம் பிடித்தது. இரவுக்கு எங்கே நிற்பது? கனடாவில் போல நம்பர் போட்டு இடம் தர இங்கே யாரும் இல்லை. கட்டிலும் அடுப்பும் இரண்டு தண்ணீர்க் கேன்களும் கூடவே வரும். கிணறு வராது. குளிக்க வேண்டும், உடுப்புத் தோய்க்க வேண்டும், காலையில் ஒரு மனுசி ஒதுங்க ஓர் இடம் வேண்டும்.

அந்த இருபத்தொன்பது நாளும், பிறகு நெடுந்தீவிலும், எங்களுக்குக் கிடைத்தது எல்லாம் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான். அதைத் தந்தது நீங்கள்.

மன்னாரில் திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் மடத்தைப் பார்க்கும் ஐயா எங்கள் முகத்தைப் பார்த்தவுடனேயே, "வானை வேப்பமரத்துக்குக் கீழ விடுங்கோ, பின்னால கிணறு இருக்கு" என்றார். நாங்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. அவருக்கும், பள்ளிமுனையில் அந்தப் பெரிய பெருக்கமரத்தைக் காட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போய் மீன் சொதியும் இடியப்பமும் தந்த அக்காவுக்கும் நன்றி. அநுராதபுரத்திலும் ஹபரணையிலும் பெற்றோல் செற்றுகளில் நின்றோம். ஹபரணையில் இரவுக் காவலுக்கு நின்ற பையன் யானை வரும் என்று சொல்லி, வானை வெளிச்சத்துக்குள் எடுக்க வைத்தான். அவனுக்கும் நன்றி. கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி வார்த்தோம். ஏழுக்கும் ஏழு விதச் சூடு. என் முழங்காலுக்கு அது பெரிய சுகம்.

இனி வாகரை. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி ஒரு வீட்டு வளவில் நின்றோம். அந்த வீட்டுத் தங்கச்சி தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர். கிணற்றடியைக் காட்டி, தன்னுடைய நீல வாளியையும் தந்தார். வெக்கை தாங்காமல் அன்றிரவு முழுக்க மின்விசிறியை ஓட விட்டோம். அது வானின் சொந்தப் பற்றரியில்தான் ஓடியது. விடிய, சாவியைத் திருப்பினால் ஒரு 'டிக்' சத்தம் மட்டும். எங்களுக்காக அந்தத் தங்கச்சிதான் யாருக்கோ போன் எடுத்தார். ஒரு மணித்தியாலத்தில் ஓட்டமாவடியிலிருந்து ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார், பின்னுக்கு ஒரு பற்றரியைக் கட்டிக்கொண்டு.

வானைத் தள்ளி இயங்க வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. "ஐயா, நாளைக்கும் இதுதான் நடக்கும்" என்று சொல்லிவிட்டு, படுக்கைக்குக் கீழே இரண்டாவது பற்றரியை வைத்து, இடையில் ஒரு ரிலே போட்டார். இயந்திரம் ஓடும்போது மட்டும் இரண்டும் சேரும், நிறுத்தினால் பிரிந்துவிடும். விசிறியும் லைற்றும் இரண்டாவதில் ஓடும். முதலாவது காலையில் வானை எழுப்ப அப்படியே இருக்கும். நாலு மணித்தியால வேலை, நடு வெயில். நான் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக்கொண்டு போய் நீட்டினேன். சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். நோன்பு என்று இவர் காதில் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல், முன்பின் தெரியாத இரண்டு கிழடுகளுக்காக வான் தகரத்துக்குக் கீழே படுத்துக் கிடந்திருக்கிறார். பற்றரிக் காசும் வயர்க் காசும் வாங்கினார். கூலி வாங்கவில்லை. "நோன்பு நேரம், துவா செய்யுங்கோ" என்றார். தம்பி, செய்கிறோம். விளக்கு வைக்கும்போது உங்கள் முகம் வருகிறது.

மட்டக்களப்பு, கல்முனை, பாணமை எல்லாம் நல்லபடி போயிற்று. உகந்தையில் ஓர் இரவு நின்றோம். என் அம்மம்மா செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே போனவர். உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்குவதை அவர் கதை கதையாகச் சொல்லுவார். நாங்கள் போன நேரம் காட்டுப் பாதை திறக்கும் காலமில்லை. மொனராகலை சுற்றித்தான் கதிர்காமம் போனோம். ஆனால் அவர் நின்ற மணலில் நானும் நின்றேன். கோயிலடியில் எனக்குக் கையைப் பிடித்துப் பாறை ஏற உதவிய பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்திருக்காது.

வெல்லவாயவிலிருந்து எல்ல என்ற ஊருக்கு ஏறும் மலைப்பாதையில், இராவணன் அருவிக்குக் கொஞ்சம் கீழே, ரேடியேற்றர் ஹோஸ் வெடித்தது. முன்னுக்கு ஒரே ஆவி. வானில் இருந்த இரண்டு கேன்களும் அன்றைக்குப் பார்த்துக் கால்வாசிதான் இருந்தன. தெருவோரத்தில் அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்த ஒரு சிங்கள அம்மா எங்களைப் பார்த்து எழும்பி வந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அந்த நேரம் வாயில் வந்த ஒரே சொல் "வத்துர", தண்ணீர். அவருக்கு அது போதுமாக இருந்தது. மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது என்று இவர் அரை மணித்தியாலம் காத்திருந்தார். அதற்குள் அந்த அம்மா பள்ளத்தில் இருந்த தன் வீட்டுக்கு மூன்று தரம் இறங்கி ஏறிக் குடங்களை நிரப்பி வைத்துவிட்டார். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். அவருடைய மகன் இவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வெல்லவாயவுக்குக் கொண்டுபோய்ப் புது ஹோஸ் வாங்கிவந்து பூட்டினார். அவ்வளவு நேரமும் நானும் அந்த அம்மாவும் ஒரு பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். பாஷை இல்லை. என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன், அவர் தன்னுடையதைத் தொட்டுக் காட்டினார். பிறகு இருவரும் சோளம் சாப்பிட்டோம்.

சித்திரை 11 ஆம் திகதி வீடு வந்தோம். வருடப்பிறப்புக்கு மருத்துநீர் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அதுவரை எங்கள் வளவைப் பார்த்து, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு, பூனைக்குச் சோறு வைத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாய் நிறைய நன்றி.

சோளகக் காற்றுத் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். அதற்கு முன்பே நெடுந்தீவு பார்த்துவிட வேண்டும் என்று சித்திரைக் கடைசியில் மறுபடி வெளிக்கிட்டோம். பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தும் நாங்கள் இருவரும் அங்கே போனதில்லை. வானை இறங்குதுறையடியில் விட்டுவிட்டுப் படகேறினோம். ஒரு மணித்தியாலம் கடல். மாவிலித்துறையில் இறங்கினால், 1985 வைகாசி 15 ஆம் திகதி குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவுத்தூபி. இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். நானும் நின்றேன்.

நாலு நாள் இருக்க நினைத்துப் போனோம். முதல் இரவே என்னுடைய பிரஷர் குளிசைப் பையை வானில் விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. தீவு ஆஸ்பத்திரியில் பார்த்து அன்றைக்குத் தேவையானதைத் தந்தார்கள். ஆனால் எனக்கு இதயத்துக்கென்று இன்னொரு குளிசையும் உண்டு. காலையில் படகடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம். படகில் வேலை செய்யும் ஒரு பையன் கையை நீட்டினான்: "சாவியைத் தாங்கோ." எங்கள் வீடே அந்தச் சாவிக்குள் இருந்தது. இவர் ஒரு கணமும் யோசிக்காமல் கொடுத்தார். பின்னேரப் படகில் பை வந்தது. சாவியும் வந்தது. "அம்மா, உள்ளுக்கு வாழைப்பழம் பழுத்துப் போய்க் கிடந்தது, மணக்கப் போகுதெண்டு எடுத்து எறிஞ்சிட்டன்" என்றான். மகனே, உன் அம்மா உன்னை நல்லாகத்தான் வளர்த்திருக்கிறார்.

நாங்கள் தங்கிய வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. வேலிக்குப் பதில் முருகைக்கல் அடுக்கிய மதில்கள், பனை, அதற்கப்பால் வெட்டவெளி. பார்க்க அவ்வளவு அழகான ஊரில் பல கிணறுகள் உவர். அந்த வீட்டு அக்கா விடிய எழும்பிச் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு தூரத்துக் கிணற்றுக்குப் போய் நல்ல தண்ணீர் கொண்டுவருவார். எங்களுக்காக நாலு நாளும் ஒரு நடை கூடப் போயிருக்கிறார். மூன்றாம் நாள்தான் எனக்கு அது தெரிந்தது. நான் அதுவரை அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா, நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பின்னேரங்களில் குதிரைகளைப் பார்க்கப் போவோம். வெள்ளைக்காரர் காலத்தில் வந்தவற்றின் வழி என்கிறார்கள், இன்று யாருக்கும் சொந்தமில்லாமல் கூட்டமாக மேய்கின்றன. கோடையில் தண்ணீரில்லாமல் அவை சாவதும் உண்டு. ஒரு தொட்டியடியில் இரண்டு இளம் பொடியன்கள் கேன் கேனாகக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு குட்டி கிட்ட வரப் பயந்து நின்றது. இவர் எங்களையெல்லாம் தள்ளிப்போய் இருக்கச் சொன்னார். இருந்தோம். பிறகு அது வந்து குடித்தது.

எங்கள் வீடு கோண்டாவிலில். ஆனியில் கறுத்தக்கொழும்பான் மா பழுக்கும். வளவுக்குள் இரண்டு வான் நிற்க இடம் உண்டு, கிணறு நல்ல தண்ணீர். இந்தப் பக்கம் வருகிற எவரும் இங்கே நிற்க வேண்டும். எல்ல ஊர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது அருவிக்குக் கீழே சோளம் விற்கும் அந்த அம்மாவைக் கண்டால், இதைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டுங்கள். முழங்காலுக்கு அவர் என்ன எண்ணெய் பூசுகிறார் என்றும் கேட்டு வாருங்கள்.

வாகரைத் தங்கச்சிக்கு ஒரு செய்தி. உங்கள் நீல வாளியை அவசரத்தில் வானில் ஏற்றிவிட்டோம். கதிர்காமம் தாண்டித்தான் கண்டோம். கழுவித் துடைத்து, கயிறும் புதிதாகக் கட்டி வைத்திருக்கிறேன். மாசி கடைசியில் மழை விட்டதும் கொண்டுவருவோம்.

அன்புடன்,
கோண்டாவிலிலிருந்து
ஓர் இளைப்பாறிய ஆசிரியையும் அவருடைய சாரதியும்