கவுந்தப்பாடி ஆலைக்கொட்டாய்க்காரங்களுக்கும் மத்தவங்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

நாட்டுச்சர்க்கரை சோதிக்கிற நம்ம சின்ன அறைக்கு இந்தத் தையில் பலகை மாட்டியாச்சு. விழா, மைக்செட் எதுவும் வேண்டாமென்று சொன்னது நான்தான். அதனால் மேடையில் சொல்ல வேண்டிய நன்றியை எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வீட்டுக்கார ஆத்தாவுக்கு. உணவுத் தொழில்நுட்பம் படித்து, சென்னைப் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்துவிட்டு, இங்கே தனியாக வாடகை வீடு தேடி வந்தவள் நான். போன வீடுகளில் காப்பிக்கு முன்னாலேயே "நீங்க என்ன ஆளுங்க?" வந்துவிட்டது. கொங்கு உபசரிப்பைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஆத்தா கேட்டது ஒன்றே ஒன்று: "தண்ணி ஒரு நாளு உட்டு ஒரு நாளுதான் வரும், சமாளிச்சுக்குவியா கண்ணு?" சாவியோடு அரிசியும்பருப்பும் சாதமும் கிடைத்தது.

அடுத்து, கரும்புச்சாறு காய்ச்சுகிற ஆலைக்கொட்டாயின் பெரியவர், நம்ம அப்பாருக்கு. சாறு கொதிக்கையில் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, பொங்கி வரும் அழுக்கை வழித்தெடுத்து, பாகு திரளும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். நான் வெப்பமானியோடு பக்கத்தில் நிற்பேன். வெல்லத்துக்கு 118 டிகிரி சுமாருக்கு இறக்கினால் போதும், சர்க்கரைக்கு இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். அவர் "எறக்குங்கடா" என்கிறபோது என் கருவியும் சரியாக அங்கேதான் இருக்கும். அதற்காக அவர் விரலை மட்டும் புகழ்ந்து முடிக்க மனமில்லை. அவருக்குக் காய்ச்சல் கண்ட வாரம் ஒரு கொப்பரைப் பாகு முறுகிப்போச்சு. மகன் அடுத்த நாளே ஒரு வெப்பமானி வாங்கி ஆணியில் மாட்டினார். அப்பாரு கோபிக்கவில்லை. "இருக்கட்டும் அம்மிணி, குச்சிக்குச் சீக்கு வராதில்ல" என்றார். விடிகாலையில் கரும்புச்சக்கை அடுப்பு எரித்தவர்களுக்கும், சூடு ஆறுமுன் பாகைத் தேய்த்துத் தூளாக்கிய அக்காமார்களுக்கும் நன்றி. அந்தப் புகைக்குள் என்னால் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடிந்ததில்லை.

பெரிய நன்றி, 'ஹைட்ரோஸ்' போடுவதை முதலில் நிறுத்திய தோட்டத்து அண்ணனுக்கும் அவர் வீட்டு அக்காவுக்கும். விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சோடியம் ஹைட்ரோசல்பைட் சாற்றை வெளுக்க வைக்கும், சர்க்கரை பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும், கந்தகம் உள்ளேயே தங்கும். அது கூடாது என்பது எல்லாக் கொட்டாயிலும் தெரியும். வீட்டுக்கு மட்டும் இந்த மருந்து போடாமல் தனியாக ஒரு கொப்பரை காய்ச்சுகிற வழக்கமே அதற்குச் சாட்சி. "அப்ப எல்லாத்தையும் ஊட்டுக்குக் காச்சறதா நெனச்சே காச்சலாமே" என்று அக்கா கேட்டதில்தான் மாற்றம் தொடங்கியது. பழுப்புச் சர்க்கரைக்கு விலை குறைந்தது, அண்ணன் முகம் வாடியது, ஆனாலும் மருந்து டப்பா திரும்ப வரவில்லை. வியாபாரிகளை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை, கடையில் மஞ்சளாகப் பார்த்துப் பொறுக்குகிறவர்கள் நாம்தானே. பழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்க ஆரம்பித்த இரண்டு வியாபாரிகளுக்கும் என் கும்பிடு.

கம்பெனியில் அறிக்கையில் கையெழுத்துப் போடுவேன், அதைத் தின்கிறவர் யாரென்று தெரியாது. இங்கே 60 கிலோ மூட்டை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்துக்குப் போகும்போது, என் சோதனையில் வரும் எண்ணால் யாருக்கு நட்டம் என்று முகம் தெரிகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு நம்மூர்ச் சர்க்கரை போகிறதென்பதால் கை கொஞ்சம் நடுங்கவும் செய்கிறது.

கிராம சபைக்கு என்னை இழுத்துப்போன எதிர்வீட்டு அத்தைக்கு என்ன சொல்ல! குடியரசு நாள், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என வருசத்துக்கு ஆறு முறை கூடுகிறது என்பதே எனக்குத் தெரியாது. டீயைக் குடித்துக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பும் கூட்டத்தை அத்தை வாசலிலேயே மறித்து, "தீர்மானத்தைப் படிச்சுக் காட்டுனதுக்குப் பொறவு போலாமுங்க" என்று நிறுத்தினார். கொட்டாய் வேலை முடிந்து பொழுது போய் வருகிற பெண்கள் நடக்கும், இரண்டு பக்கமும் வேலி வைத்த இட்டேரித் தடத்துக்கு விளக்கு வேண்டுமென்று எழுத வைத்ததும் அவர்தான். தீர்மானம் நகர நாளானது. இன்றைக்கு அங்கே விளக்கு எரிகிறது. கம்பம் நட்டவர்களுக்கும் நன்றிங்க.

நூலகர் அய்யாவுக்கு ஒரு கடன் பாக்கி. பிள்ளைகளுக்குக் கலப்படம் கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் ஞாயிறு வகுப்புக்கு நூலகத்தில் இடம் கேட்கத் தயங்கியபோது, "வூட்டு வரியில நூலக வரியும் சேத்துத்தானுங்க கட்டறோம், கேக்கறதுக்கு என்ன?" என்றார். 1948-ல் அந்த வரிக்கு வழிசெய்த பொது நூலகச் சட்டம் வந்தபோது கல்வி அமைச்சர் திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் என்பதையும் அவரே சொன்னார், நம்மூர்ப் பெருமை விடுமா! பிள்ளைகள் பாலில் அயோடின் விட்டு மாவு கலந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அதோடு நிற்காமல் டீக்கடைத் தூளை ஈரக் காகிதத்தில் கொட்டிச் சாயம் ஒழுகுகிறதா என்றும் பார்த்துவிட்டார்கள். ஒழுகவில்லை. கடைக்கார அண்ணன் அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறார். நல்லவேளை, தப்பினேன்.

மாதிரி கொண்டு வருகிறவர்கள் செய்தித்தாளில் பொட்டலம் கட்ட வேண்டாம், மை ஒட்டும். காய்ந்த எவர்சில்வர் டப்பாவில் கால் கிலோ போதும். ஏலத்துக்கு முந்தின நாள் மத்தியானத்துக்குள் கொடுத்தால் பொழுதோட முடிவு சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்க சர்க்கரைப் பொண்ணு