ஐரெடெல் கடிதங்களை இரண்டு கட்டாகப் பிரிக்காதே

அன்புள்ள கயலுக்கு,

நலம். நலமறிய ஆவல். அப்பாவின் கண் பரிசோதனை பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம். இந்தக் கடிதம் முழுக்க உன் ஆய்வுக்குத்தான்.

நீ அனுப்பிய திட்டத்தை வாசித்தேன். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தொடக்க கால நீதிபதி ஜேம்ஸ் ஐரெடெலின் கடிதங்களைக் ‘குடும்பம்’, ‘சட்டம்’ என்று இரண்டு கட்டாகப் பிரித்து, சட்டக் கட்டை மட்டும் படிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். நேரம் மிச்சமாகும் என்பது உன் கணக்கு. மிச்சமாகாது கண்ணு, கைக்கு வர வேண்டியதும் வராமல் போகும். சாமுவேல் ஜான்ஸ்டனையே எடுத்துக்கொள். ஐரெடெலுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவர். மனைவி ஹன்னாவின் அண்ணனும் அவர்தான். வட கரோலினாவின் கவர்னராக இருந்துவிட்டு 1789-இல் செனட்டர் ஆனவரும் அவரே. அவருக்கு எழுதிய கடிதத்தை நீ எந்தக் கட்டில் வைப்பாய்? ஜமைக்காவிலிருந்த ஐரெடெலின் பணக்காரச் சித்தப்பா, இவர் அமெரிக்கப் புரட்சிப் பக்கம் நின்றதற்காகச் சொத்தில் பங்கில்லை என்று கைவிட்டார். அந்தக் கடிதப் போக்குவரத்து குடும்பமா, அரசியலா?

ஆளைப் பற்றி உனக்குத் தெரியும், சுருக்கமாகவே சொல்கிறேன். 1751-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1768-இல் வட கரோலினாவின் ஈடன்டன் துறைமுகத்துக்குச் சுங்க அதிகாரியாக வந்தார். 1773-இல் திருமணம். 1790-இல் வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். 1799 அக்டோபர் 20 அன்று, 48 வயதில் இறந்தார். அந்த ஒன்பதரை ஆண்டு உத்தியோகத்தில் பெரும்பகுதி சாலையில் கழிந்தது. கடிதங்கள் இவ்வளவு குவிந்ததற்குக் காரணமே அதுதான்.

1789-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம் ஆறு நீதிபதிகளை வைத்து, நாட்டை மூன்று சுற்றுகளாக, அதாவது நீதிபதிகள் ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்கும் பகுதிகளாக, பிரித்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுக்கு இரண்டு முறை, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் உள்ளூர் மாவட்ட நீதிபதியும் சேர்ந்து அமர வேண்டும். இதற்கு நடுவே பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தலைநகரில் உச்ச நீதிமன்றம் கூடும். சம்பளம் 3,500 டாலர், வழிச்செலவு அவரவர் பை. ஐரெடெலுக்கு விழுந்தது தெற்குச் சுற்று: இரண்டு கரோலினாக்களும் ஜார்ஜியாவும். 1791 பிப்ரவரியில் தலைமை நீதிபதி ஜேக்கும் சக நீதிபதிகளுக்கும் அவர் எழுதிய முறையீட்டில், கடந்த சுற்றில் மட்டும் 1,900 மைல் போனதாகக் கணக்குக் காட்டுகிறார். அன்றைய சாலையில் நாளுக்கு முப்பது முப்பத்தைந்து மைல் என்றே வைத்துக்கொள், இரண்டு மாதம் வண்டியிலேயே போய்விடும். சுற்று எல்லோருக்கும் மாறி மாறி வரட்டும் என்பது அவர் வாதம். 1792 ஏப்ரலில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே ஆக்கியது. 1793 மார்ச்சில் சுற்றுக்கு ஒரு உச்ச நீதிமன்ற நீதிபதி போதும் என்று குறைத்தது. இந்தச் சட்டங்களின் பின்னணியை நாடாளுமன்றக் குறிப்புகளில் மட்டும் தேடினால் காய்ந்த எலும்புதான் கிடைக்கும். எந்த ஆற்றைக் கடக்க முடியாமல் எத்தனை நாள் போயிற்று, எந்தச் சக நீதிபதி வராததால் அமர்வு தள்ளிப்போயிற்று என்பதெல்லாம் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் தேட வேண்டியவை. நீதிமன்றக் குறிப்பேட்டில் ‘கூடியது, ஒத்திவைக்கப்பட்டது’ என்பதற்கு மேல் பெரும்பாலும் இருக்காது.

இனி, உன் திட்டத்தை மாற்றச் சொல்வதற்கான முக்கியக் காரணம். 1792 மார்ச்சில் ஊனமுற்ற போர்வீரர்களுக்கான ஓய்வூதியச் சட்டம் வந்தது. வீரர் சுற்று நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும், நீதிபதிகள் காயத்தைப் பார்த்துத் தொகை பரிந்துரைக்க வேண்டும். ஆனால் அந்த முடிவைப் போர்த்துறைச் செயலாளர் நிறுத்தி வைக்கலாம், நாடாளுமன்றம் மறுபரிசீலனை செய்யலாம். நீதிமன்றத்தின் முடிவை நிர்வாகம் திருத்துவதா என்று மூன்று சுற்றுகளிலும் நீதிபதிகள் முகம் சுளித்தார்கள். நியூயார்க்கில் ஜேயும் கூட்டாளிகளும், நீதிமன்றமாக இல்லாமல் தனி ஆணையர்களாக இருந்து செய்கிறோம் என்று வழி கண்டார்கள். பென்சில்வேனியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வில்சனும் பிளேரும் மறுத்துவிட்டார்கள். ஐரெடெலும் மாவட்ட நீதிபதி சிட்கிரீவ்ஸும் ஜூன் 8 அன்று நேரே வாஷிங்டனுக்கு எழுதினார்கள். அதில் ஒரு இடத்தை நிறுத்திப் படி. இப்படி ஒரு மனு எங்கள் முன் இன்னும் வரவே இல்லை, வழக்கு இல்லாமல் கருத்துச் சொல்வது முறைதானா என்ற தயக்கம் இருக்கிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆணையராகச் செயல்பட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பதிலும் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள்.

சட்டக் கட்டு மட்டும் வைத்திருப்பவர், ஐரெடெல் கடைசிவரை அந்தச் சந்தேகத்திலேயே நின்றார் என்று எழுதிவிடுவார். நிற்கவில்லை. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் கிழக்குச் சுற்றில் இருந்தபோது ஹன்னாவுக்கு எழுதிய கடிதத்தில், போகிற போக்கில், இங்கே வேலை அதிகம், ஊனமுற்றோர் வேலையை நீதிமன்றத்துக்கு வெளியே செய்வதற்கு நான் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டேன், வில்சன் அடியோடு மறுக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு நீதிபதி அரசியல் சட்டக் கேள்வியில் நிலை மாறியதற்கான சாட்சியம் ‘ஊரில் எல்லோரும் சுகமா’ வகைக் கடிதத்தில் உட்கார்ந்திருக்கிறது. தெற்குச் சுற்றே கதி என்று கிடந்தவர் அந்த ஆண்டு கிழக்கே போனதும் முன்சொன்ன ஏப்ரல் சட்டத்தால்தான். ஏப்ரல் சட்டம், ஜூன் கடிதம், ஹன்னாவுக்கு எழுதிய கடிதம் மூன்றையும் தேதி வரிசையில் வைத்தால்தான் இந்தத் தொடர்ச்சி தெரியும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தத்துவம் போலத் தெரிவதை வெறும் தத்துவமாகப் படிப்பது. 1787 ஆகஸ்ட் 26 அன்று ரிச்சர்ட் டாப்ஸ் ஸ்பெய்ட்டுக்கு எழுதிய கடிதத்தை, நீதிமன்றம் சட்டமன்றத்தின் சட்டத்தைச் செல்லாது என்று சொல்லலாம் என்ற கோட்பாட்டின் முன்னோடி என்று எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அந்தக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய மார்பரி வழக்குத் தீர்ப்புக்கு அது 16 ஆண்டு முந்தியது, உண்மைதான். ஆனால் அது பதில் கடிதம். அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதிய பிலடெல்பியா மாநாட்டில் உட்கார்ந்திருந்த ஸ்பெய்ட், நீதிபதிகள் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்று ஆகஸ்ட் 12 அன்று பொருமியதற்கான பதில். பொருமலுக்குக் காரணம் பேயர்ட் எதிர் சிங்கிள்டன் வழக்கு. பறிமுதலான நிலத்தை வாங்கியவர் மேல் யாராவது வழக்குப் போட்டால் விசாரிக்காமலே தள்ளுபடி செய் என்று 1785-இல் வட கரோலினா மாநிலச் சட்டம் சொன்னது. ஜூரி விசாரணை மாநில அரசியல் சட்டம் தந்த உரிமை என்று நீதிமன்றம் தள்ளுபடிக்கு மறுத்தது. அந்த வழக்கில் எலிசபெத் பேயர்டின் வக்கீல்களில் ஒருவர் ஐரெடெல். கட்சிக்காரருக்காக நின்ற வக்கீலின் கை அந்தக் கடிதத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு மேற்கோள் காட்டாதே. வாதம் அதனால் பலவீனமாகிவிடாது, எங்கிருந்து பிறந்தது என்பதுதான் தெரியும். கடைசியில் ஜூரி சிங்கிள்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னது என்பதையும் சேர்த்துக்கொள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

தாளைக் கையில் வாங்கியதும் என்ன பார்ப்பது என்று கேட்டிருந்தாய். அந்தக் காலத்தில் உறை கிடையாது. ஒரு பெரிய தாளை நடுவில் மடித்து நான்கு பக்கமாக்கி, மூன்றில் எழுதி, நான்காவது வெளியே தெரியும்படி பொட்டலமாக மடிப்பார்கள். மேலே முகவரி, விளிம்பில் அரக்கு அல்லது மாவு வில்லை. பிரிக்கும்போது அந்த இடம் கிழிந்து போகும். அதனால் மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் ஒன்றிரண்டு சொற்கள் காணாமல் போயிருக்கும். கிழிந்த துண்டு பல நேரம் அரக்கின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார். ஊகித்த சொல்லைச் சதுர அடைப்புக்குள் போடு, சும்மா நிரப்பாதே.

மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மை. அது தாளை மெல்ல அரிக்கும். பேனா அழுந்திய இடத்தில் எழுத்தே உதிர்ந்து ஓட்டையாகியிருக்கலாம், மறுபக்க எழுத்து இந்தப் பக்கம் தெரியும். ஸ்கேன் மங்கலாக இருந்தால் அதை மட்டும் நம்பாமல் மூலத்தைக் கேட்டு வாங்கு. கையைக் கழுவித் துடைத்துவிட்டு எடு. கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் தடிமன் தெரியாது, கிழித்துவிடுவாய். பென்சில் மட்டும் கொண்டு போ.

எழுத்தில் இரட்டை ‘எஸ்’ வரும் இடத்தில் முதல் ‘எஸ்’ நீண்டு ‘எஃப்’ போல இருக்கும். சொல்லின் கடைசி எழுத்துகளைச் சின்னதாக மேலே தூக்கிச் சுருக்குவார்கள். தேதியில் ‘இன்ஸ்டன்ட்’ என்றால் இந்த மாதம், ‘அல்டிமோ’ என்றால் போன மாதம். மாத முதல் வாரக் கடிதங்களில் இதைப் பிசகினால் ஒரு மாதம் தள்ளிப்போகும். ஜனவரிக் கடிதத்தில் பழக்கதோஷத்தில் பழைய ஆண்டே எழுதப்பட்டிருக்கலாம், உள்ளே பேசும் சம்பவத்தை வைத்துச் சரிபார். தபால் புறப்படும்வரை அடுத்தடுத்த நாள்கள் ஒரே கடிதத்தை நீட்டிக்கொண்டே போவதும் வழக்கம். அப்போது ஒரே தாளில் இரண்டு மூன்று தேதி இருக்கும், எல்லாவற்றையும் குறித்துக்கொள்.

வாங்கியவர் பின்பக்கம் ஒரு குறிப்பு எழுதி வைப்பார்: யாரிடமிருந்து, என்ன தேதி, எப்போது வந்தது, எப்போது பதில் போட்டது. அந்த ஒரு வரிதான் உன் காலவரிசைக்கு அச்சாணி. 1792 தபால் சட்டப்படி கட்டணம் 30 மைலுக்குள் 6 சென்ட், 450 மைலுக்கு மேல் 25 சென்ட். அதுவும் ஒரு தாளுக்கு. இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு, பெரும்பாலும் வாங்குபவர் தலையில். ஓரத்தில் நெருக்கி எழுதியதற்கும், ஊருக்குப் போகிற தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பியதற்கும் காரணம் இது. கையில் வந்த கடிதத்தில் தபால் முத்திரை இருக்காது, கொண்டு வந்தவர் பெயர் முகவரிக்குக் கீழே இருக்கும். அந்தப் பெயர்களைத் தனியாகச் சேர். யார் யாருக்கு நம்பகமானவர் என்று அதிலிருந்தே தெரியும்.

பெயர்க் குழப்பம் உன்னை நிச்சயம் ஒருமுறை கவிழ்க்கும். ஐரெடெலின் மனைவி ஹன்னா. ஜேம்ஸ் வில்சனின் இரண்டாம் மனைவி ஹன்னா. வில்லியம் குஷிங்கின் மனைவியும் ஹன்னா. மூவரும் நீதிபதிகளின் மனைவியர். 1798-இல் கடன்காரர்களுக்குப் பயந்து ஈடன்டனில் ஒதுங்கிய வில்சன் அங்கேயே இறந்தார், ஆகவே அந்த ஆண்டுத் தாள்களில் இரண்டு ஹன்னாக்கள் ஒரே ஊரில். அதேபோல மைத்துனர் சாமுவேல் ஜான்ஸ்டனையும், 1793-இல் பதவி விலகிய நீதிபதி தாமஸ் ஜான்சனையும் கலக்காதே. மகன் பெயரும் ஜேம்ஸ்தான், பின்னாளில் கவர்னர். டியூக் பல்கலைக்கழகச் சேகரிப்பில் அப்பா, பிள்ளை இருவர் தாளும் சேர்ந்தே கிடக்கின்றன.

பணத்திலும் அப்படித்தான். ஒரு ஸ்பானிய டாலர் வர்ஜீனியாவில் 6 ஷில்லிங், வட கரோலினாவிலும் நியூயார்க்கிலும் 8, பென்சில்வேனியாவில் 7 ஷில்லிங் 6 பென்ஸ். எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார் என்று பார்க்காமல் பவுண்டை டாலராக மாற்றினால் கணக்கு கந்தலாகும்.

இன்னொன்று. ஐரெடெல் அடிமைகளை வைத்திருந்தவர். வீட்டுக் கடிதங்களில் துணி கொடுத்தனுப்பியது, ஒருவருக்குக் காய்ச்சல் என்பது போன்ற வரிகளில் வெறும் முதற்பெயராக வருபவர்களில் பலர் அந்த அடிமைகள். பழைய பெயரடைவுகளில் இவர்களைத் தேடிப் பயனில்லை. நீயே ஒரு அடைவு போட்டுக்கொள். குடும்பக் கட்டைத் தள்ளிவைத்தால் இவர்கள் மொத்தமாக மறைந்துவிடுவார்கள்.

அச்சுப் பதிப்புகளை நம்பலாமா என்றும் கேட்டாய். 1857–58-இல் இரண்டு தொகுதியாக வந்தது குடும்பத்துக்குள் பெண் எடுத்தவர் தொகுத்தது. அந்தக் காலப் பதிப்பாளர்கள் உரசலான வரிகளை வெட்டுவதும் நடையைச் சீர்செய்வதும் சாதாரணம். தேட உபயோகி, மேற்கோளுக்கு மூலத்தோடு ஒப்பிடு. அண்மைக்காலத் தொகுப்பின் மூன்று தொகுதிகள் 1789-உடன் நின்றுவிடுகின்றன, நீதிபதிக் காலம் அதில் இல்லை. 1790-க்குப் பிறகு உச்ச நீதிமன்ற ஆவண வரலாற்றின் இரண்டாம், மூன்றாம் தொகுதிகள்தான் கை கொடுக்கும், அவை சுற்றுப் பயணத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஆனால் அவர்களும் நீதிமன்றம் தொடர்பான பகுதியை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டிருப்பார்கள். புள்ளி புள்ளியாக விடுபட்ட இடம் கண்டால் ராலே, டர்ஹாம், சாப்பல் ஹில் ஊர்க் காப்பகங்கள் மூன்றில் எங்கே மூலம் என்று பார்த்துப் போய்வா. மூன்றும் உனக்குப் பக்கம்தானே.

1792 மார்ச் முதல் 1793 மார்ச் வரை ஒரு ஆண்டை மட்டும் முதலில் எடு. யாருக்கு எழுதியது என்று பார்க்காமல் எல்லாக் கடிதத்தையும் ஒரே அட்டவணையில் ஏற்று: எழுதிய தேதி, ஊர், வந்து சேர்ந்த தேதி, பெறுபவர், அன்று எந்த நீதிமன்றம் கூடியிருந்தது, மூலமா, வரைவா, நகலா. வரைவு மட்டும் இருந்தால் அனுப்பப்பட்டதாக எழுதாதே. படம் எடுக்கும்போது முகவரிப் பக்கத்தையும், வெறுமையாகத் தெரிகிற பக்கத்தையும் சேர்த்து எடு. திரும்ப ஒருமுறை அனுமதி வாங்கிப் போக வேண்டி வருவது பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்காகத்தான்.

அன்புடன்,
அம்மா