வானிலை நிலையங்களுக்குப் பணம் கேட்கும் முன்

தாப்பா, பேராக்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் மனுவின் நகலும் கிடைத்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது என்று படித்து நிம்மதியானேன். மலேசியாவின் பேராக் மாநிலம் முழுவதும் வானிலை நிலையங்கள் வேண்டும் என்பதில் எனக்கும் மறுபேச்சில்லை. ஆனால் மனுவில் கருவி வாங்கும் செலவு மட்டுமே இருக்கிறது. பராமரிப்புக்கு ஆள் யார், சம்பளம் எங்கிருந்து வரும் என்று ஒரு வரி இல்லை. அதைத்தான் முதலில் எழுத வேண்டும். மூன்றாம் வருஷம் பேட்டரி வாங்கப் போய் நின்றால் யாரும் காசு தரமாட்டார்கள்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைப் பார். இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் மெசோநெட் என்ற வானிலை நிலைய வலையமைப்பு 1994 முதல் இயங்குகிறது. சுமார் 120 நிலையங்கள். மாநிலத்தின் 77 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) ஒன்றுகூட விடுபடவில்லை. எண்ணெய் நிறுவனங்கள் கூடுதலாக வசூலித்துத் திருப்பிக் கட்டிய பணத்திலிருந்து 2 மில்லியன் டாலர் தொடக்கத்துக்குக் கிடைத்தது. அதோடு விட்டிருந்தால் என்றோ துருப்பிடித்திருக்கும். மாநில அரசின் நிதியில் தொழில்நுட்பர்கள் நிலையங்களைச் சுற்றி வருகிறார்கள். உணரிகளைக் கழற்றிச் சோதனைக்கூடத்தில் சரிபார்க்கிறார்கள். வரும் அளவுகளை ஆள் உட்கார்ந்து பார்க்கிறார். ஆகவே வருஷத்துக்குக் கருவி விலையில் ஐந்தில் ஒரு பங்காவது ஒதுக்கும்படி கேள்.

நிலையத்துக்கு நிலையம் அவர்கள் விட்டிருக்கும் இடைவெளியை அப்படியே எடுக்காதே. நம் மாலை மழை ஒரு தோட்டத்தில் கொட்டும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மண் நனையாது. மாவட்டத்துக்கு ஒரு முழு நிலையம் போதும். மழைமானிகள் நிறைய வேண்டும். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் தானியங்கி மழைமானிகள் ஏற்கனவே இருக்கும் இடங்களில் தரவைப் பகிரக் கேட்டாலே செலவு மிச்சம்.

இடம் பார்க்கும்போது மரங்களின் இன்றைய உயரத்தை நம்பாதே. இளஞ்செம்பனை (எண்ணெய்ப்பனை) நடுவே வைத்த மானி சில வருஷத்தில் மட்டைகளுக்குள் மறைந்துவிடும். மரத்தின் முழு உயரத்தைப்போல் இரு மடங்கு தூரமாவது தள்ளி வை. காற்றுமானிக்கு 10 மீட்டர் கம்பம், சுற்றிலும் அதைவிட நிறையத் திறந்தவெளி. தோட்டத்தில் அப்படி இடம் அரிது, பள்ளித் திடலைக் கேட்டுப் பார்.

அதிகம் கெடுவது மழைமானிதான். புனலில் இலைச் சருகு, பறவை எச்சம். உள்ளே எறும்புக் கூடு. அடைத்துக்கொண்டால் கொட்டும் மழையிலும் பூஜ்யம் காட்டும், அதைப் பார்த்து மழை இல்லை என்று நினைத்து, தோட்ட மேற்பார்வையாளரான மண்டோர் உரம் போடச் சொல்லிவிடுவார். புனலுக்குக் கீழே ஒரு சிறு வாளி நிரம்பியதும் கவிழும், அந்தக் கவிழ்ப்புகளை எண்ணித்தான் மானி மழையை அளக்கிறது. அதைச் சோதிக்க, புனலின் வாய் 20 செ.மீ. விட்டம், ஒரு கவிழ்ப்பு 0.2 மி.மீ. மழை என்றால், 628 மில்லிலிட்டர் தண்ணீர் 100 கவிழ்ப்பு தர வேண்டும். சொட்டுச் சொட்டாக ஊற்று. வேகமாக ஊற்றினால் வாளி கவிழும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராது. பலத்த மழையில் மானி குறைத்துக் காட்டுவதும் இதனால்தான். அடித்தட்டு மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்.

ஈரப்பத உணரி நம் வெக்கையில் மெல்லப் பிழையாகக் காட்டத் தொடங்கும், உதிரி கையிருப்பில் இருக்கட்டும். மின்னலுக்கு நிலத்தொடர்புக் கம்பி இல்லாமல் ஒரு கம்பமும் நடாதே. சூரியத் தகட்டில் பாசி படிந்தாலோ நிழல் விழுந்தாலோ பேட்டரி இரவில் இறங்கிவிடும். தரவை அனுப்பும் சிம் அட்டைகளை ப்ரீபெய்டில் எடுக்காதே, காலாவதியானால் நல்ல நிலையமும் ஊமையாகிவிடும்.

மனுவைத் திருத்தி அனுப்பு. பராமரிப்பு அட்டவணையை நான் எழுதித் தருகிறேன். ஏப்ரல், அக்டோபர் மழைகளுக்கு முன் எல்லா மானியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடும்படி போடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்