பித்தளைக் கீலுக்கு இரும்பு ஸ்க்ரூ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களியக்காவிளை முதல் தக்கலை வரை புதிதாக எழும்பும் வீடுகளில் பூமுகத்துக்கு (வீட்டு முகப்புக்கு) பித்தளைத் தூக்குவிளக்கு, குளியலறைக்கு மேட் கறுப்புக் குழாய், சமையலறைக்கு ஸ்டீல் கைப்பிடி என்று பல உலோக நிறங்களைச் சேர்த்துப் போடுகிறார்கள். சேர்ப்பதில் தவறே இல்லை. ஆனால் மேலே தெரியும் நிறத்தைப் பார்க்கும் அளவுக்கு அடியில் இருக்கும் உலோகத்தை யாரும் பார்ப்பதில்லை. உப்புக்காற்றும் ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் உள்ள குமரி மாவட்டத்தில் பொருள் கெடுவது அதனால்தான்.

நிறக்கணக்கு எளிது. அறையில் முக்கால் பங்கு ஒரே உலோகமாக இருக்கட்டும். இரண்டாவது உலோகம் குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். மூன்றாவது வேண்டுமென்றால் கறுப்பு போதும். ஒரே கதவில் உள்ள கீல், பூட்டு, தாழ்ப்பாள் ஒரே ஃபினிஷில் இருக்க வேண்டும். வெவ்வேறு கம்பெனிகளின் 'ஆன்டிக் பிராஸ்' (பழைய பித்தளை போன்ற நிறம்) ஒத்துப்போகாது. ஒன்று பச்சை சாயும், மற்றது சிவப்பு சாயும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏமாந்து வாங்கியது போலிருக்கும். அதைவிட முற்றிலும் வேறு நிறமே மேல். பூச்சில்லாத பித்தளை நாளாக ஆகக் கறுக்கும், லாக்கர் என்னும் தெளிவான வார்னிஷ் பூசியது அப்படியே நிற்கும் என்பதால் இந்த இரண்டையும் ஒரே சுவரில் போடக் கூடாது.

பித்தளைக் கீலுக்கு நாகமுலாம் (துத்தநாகம்) பூசிய இரும்பு ஸ்க்ரூ ஏற்றுவதுதான் பெரிய தவறு. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஈரமும் உப்பும் சேர்ந்தால் முதலில் நாகமுலாமும், அது போனதும் இரும்பும் அரிபடும். ஸ்க்ரூவின் தலை போய்விடும். தேக்கு என்றால், மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து கருநீலக் கறை இறங்கும். அதை எடுப்பது கடினம். எனவே பித்தளைக்குப் பித்தளை ஸ்க்ரூதான். அது மென்மையானது, நேரே முறுக்கினால் முறியும். முதலில் ட்ரில்லில் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றிக் கழற்றிவிட்டு, பித்தளை ஸ்க்ரூவில் மெழுகு தடவிக் கையால் முறுக்க வேண்டும்.

அலுமினிய ஜன்னலில் பித்தளைக் கைப்பிடி வைத்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இடையில் நைலான் வாஷர் போட்டு, 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவால் பிடிப்பிக்கலாம். மாறாக, பெரிய பித்தளைத் தகட்டில் சிறிய அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் சீக்கிரமே தின்னப்பட்டுவிடும்.

ஸ்டீலிலும் தரம் பார்க்க வேண்டும். விலை குறைந்த 202 தரம் உப்புக்காற்றில் துருப்புள்ளி வைக்கும். காந்தம் பொதுவாக 202-லும் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. அதை நம்பி வாங்காதீர்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் வெளிப்புறத்துக்கு 316 வேண்டும். அதிலுள்ள 2–3 சதவீத மாலிப்டினம் என்னும் உலோகம்தான் உப்பைத் தாங்குகிறது. பித்தளைக் கைப்பிடி என்று சொன்னால் பின்பக்க ஸ்க்ரூத் துளைக்குள் ஆணியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் என்றால் பித்தளை. சாம்பல் நிறமாக இருந்து காந்தமும் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் நாகக் கலவை. காந்தம் ஒட்டினால் இரும்பு.

டைல்ஸ் பதித்த பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்களே, அந்த ஆவி பட்டாலே புதுக் குழாயின் குரோமும் ஸ்டீலும் புள்ளி வைத்துவிடும். கழுவி, தண்ணீர் விட்டு அலசி, காற்றாட விட்ட பிறகே ஃபிட்டிங் மாட்ட வேண்டும். புளியும் உப்பும் பூச்சில்லாத குத்துவிளக்குக்கு மட்டும் போதும். லாக்கர் பூசியதையும் கறுப்புப் பூச்சையும் ஈரத்துணியும் சோப்புத் தண்ணீருமாகத் துடைத்தாலே போதும். ஸ்டீலை இரும்பு நாரால் தேய்க்கவே கூடாது. அதன் துகள் தங்கித் துருப்பிடிக்கும்.

மார்த்தாண்டம், நாகர்கோவில் கடைக்காரர்கள் பில்லில் ஃபினிஷின் பெயரை மட்டும் போடாமல், அடி உலோகம் என்ன, ஸ்டீல் என்றால் எந்தத் தரம் என்பதையும் எழுதித் தர வேண்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
உள்அலங்காரப் பணியாளர்கள்,
மார்த்தாண்டம்.