முதல் கமிட்டுக்கு முன்பே பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல்லை, பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவர்கள் பலர் திறந்த மூல மென்பொருளுக்கு நிரல் எழுத வருகிறார்கள். சொந்தப் பெயரா, புனைபெயரா என்பதை முதல் கமிட்டுக்கு (நிரல் மாற்றத்தைப் பதிவு செய்வதற்கு) முன்பே முடிவு செய்வது நல்லது. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருள், பெயரையும் மின்னஞ்சலையும் கமிட்டுக்குள்ளேயே பதிக்கிறது. பின்னால் திருத்தினால் அந்தக் கமிட்டிலிருந்து எல்லா ஹாஷும் (கமிட்டின் அடையாளக் குறியீடு) மாறும். பிறர் எடுத்த நகல்களில் பழைய பெயர் அப்படியே கிடக்கும்.

புனைபெயர் போட்டுவிட்டு, சொந்தப் பெயரைக் காட்டும் மின்னஞ்சலை மறப்பதுதான் வழக்கமான கோளாறு. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் தரும் நோ-ரிப்ளை முகவரியை (சொந்த மின்னஞ்சலை மறைப்பது) கிட்டின் அமைப்பான 'கிட் கான்ஃபிக்'கில் போட்டால் போதும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் திட்டமும் 2023 முதல் அறியப்பட்ட புனைபெயரை ஏற்கிறது, அநாமதேயம்தான் கூடாது.

வேலை தேடுவோருக்குச் சொந்தப் பெயரே நல்லது என்பேன். ஆனால் இனிஷியலை முன்னும் பின்னுமாக மாற்றி எழுதினால், கமிட்டுகளை எழுதியவர் வாரியாகத் தொகுக்கும் 'கிட் ஷார்ட்லாக்' கட்டளை ஒருவரையே இருவராகக் காட்டும். (நம்மூரில் இது சகஜம்.) ஒருவரின் பல பெயர்களை ஒன்றாக்கும் 'மெயில்மேப்' கோப்பில் ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

— கணினித்துறை வாசகர், வண்ணார்பேட்டை